மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயில்: அஞ்சு மணி நேரம் உக்காந்து போறது வொர்த்தா?

ஊட்டி பிளான் போடுற யாரும் கேக்குற முதல் கேள்வி இதுதான், டாய் டிரெயின்ல போகலாமா இல்ல பஸ்ஸுலயே ஏறிடலாமான்னு. என் பதில் நேரா சொல்லிடுறேன். மேட்டுப்பாளையத்துலருந்து குன்னூர் வரைக்கும் ஏறுற அந்தப் பகுதிக்கு டிக்கெட் கிடைச்சா கண்ண மூடிட்டு போடுங்க, ஹோட்டல், சைட் சீயிங் எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோங்க. ஆனா குன்னூர்–ஊட்டி மட்டும்தான் கிடைச்சுதுன்னா அது ஒரு நல்ல ரயில் பயணம், அவ்ளோதான், அதுக்காக லீவு போட்டு தூரத்துலருந்து வர வேண்டிய அவசியம் இல்ல.

இந்த வித்தியாசம் தெரியாமதான் பாதிப் பேரு ஏமாந்து போறாங்க. ரெண்டையும் ஊட்டி டிரெயின்னே சொல்றோம், போட்டோலயும் பெட்டி ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா மேட்டுப்பாளையம்–குன்னூர் நீராவி என்ஜின், பல்சக்கரம், காடு, பாறை, பள்ளம். குன்னூர்–ஊட்டி டீசல் என்ஜின், ஊருக்குள்ள போற ரயில். எங்க அக்கா குடும்பம் ஒரு பேக்கேஜ்ல போனாங்க, அதுல 'மலை ரயில் பயணம் உண்டு'ன்னு போட்டிருந்துச்சு, போய்ப் பாத்தா குன்னூர்லருந்து ஊட்டி வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல, அவ்ளோதான். அக்கா வந்து "என்னடா இதப் போய் இப்படித் தூக்கி வெச்சுப் பேசுற, சாதா டிரெயின்தானே"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் கீழருந்து கூட்டிட்டுப் போனப்பதான் அவளுக்குப் புரிஞ்சுது. அதனால பேக்கேஜ் புக் பண்றவங்க எந்த ஸ்டேஷன்லருந்து எந்த ஸ்டேஷனுக்குன்னு முதல்ல கேட்டு வாங்குங்க, பதில் மழுப்புனா விட்டுடுங்க.

சரி, அந்த முதல் பகுதியில அப்படி என்னதான் இருக்கு? காலைல 7.10க்கு மேட்டுப்பாளையத்துலருந்து கிளம்பும். கிளம்புனதும் பவானி ஆத்துப் பாலம், அப்புறம் ரெண்டு பக்கமும் பாக்கு மரத் தோப்பு, அதுவரைக்கும் சமதரைதான், வண்டியும் கொஞ்சம் வேகமாத்தான் போகும், பசங்க எல்லாம் "எப்ப மலை வரும் எப்ப மலை வரும்"னு நச்சரிப்பாங்க. கல்லாறு வந்ததும் கதையே மாறிடும். அங்கருந்துதான் பல்சக்கரப் பாதை ஆரம்பிக்குது, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு வெட்டுன இரும்புப் பட்டை ரெண்டு பக்கத்துல பக்கத்துல ஓடும், ஒரு பட்டையில பல்லு இருக்குற இடத்துல அடுத்த பட்டையில இடைவெளி இருக்கும், அதனால என்ஜினுக்கு அடியில இருக்குற பல்சக்கரம் எப்பவும் ஏதாவது ஒரு பல்லைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், வழுக்கவே வழுக்காது. இத ரோமன் ஆப்ட்னு ஒரு சுவிஸ் என்ஜினியர் கண்டுபிடிச்சது, இந்தியாவுல இந்த மாதிரி பல்சக்கரத்துல ஏறுற ரயில் இது ஒண்ணுதான். 12 அடி முன்னாடி போனா 1 அடி மேல ஏறுற சரிவு, சாதாரண ரயில் நினைச்சுக்கூடப் பாக்க முடியாத சரிவு அது.

நான் ஒரு தடவை போனப்ப எதிர் சீட்டுல கோயமுத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தங்க இருந்தாங்க, அறுபது அறுபத்தஞ்சு வயசு இருக்கும், நான் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கிட்டே இருக்கறதப் பாத்துட்டு "ஏங்கண்ணு, அத மடியில வெச்சுப்போட்டு காதக் கொடுத்துக் கேளு, இப்ப சத்தம் மாறும் பாரு"ன்னாங்க. நிஜமாவே மாறுச்சு. அதுவரைக்கும் ஒரே சீரா சக்கு சக்குன்னு வந்துட்டு இருந்த வண்டி, கல்லாறு தாண்டி பல்லுல ஏறும்போது ஒரு சின்னக் குலுக்கு, அடியில கடகடன்னு ஒரு சத்தம், அதோட என்ஜின் மூச்சு ரெண்டு மடங்கா கேக்குது. ஏன்னா சக்கரத்தை ஓட்ட ஒரு ஜோடி சிலிண்டர், பல்சக்கரத்தை ஓட்ட தனியா இன்னொரு ஜோடி, மலை ஏறும்போது நாலும் சேந்து வேலை செய்யுது. அந்த சத்தம் உங்க உக்கார்ற பலகை வழியா முதுகுல தெரியும். எந்த வீடியோலயும் இது வராது, நான் அடிச்சு சொல்றேன்.

என்ஜின் முன்னாடி இருக்காது, இதையும் தெரிஞ்சுக்கோங்க. மேல ஏறும்போது எப்பவுமே கீழ்ப்பக்கம், அதாவது கடைசில இருந்து தள்ளிக்கிட்டுதான் போகும். அக்கா பொண்ணு "மாமா, என்ஜின் பின்னாடி இருந்தா டிரைவருக்கு ரோடு எப்படித் தெரியும்"னு கேட்டா, நல்ல கேள்வி. பதில் பெட்டிக்கு வெளியில நிக்குது. ஒவ்வொரு பெட்டியோட முன்பக்க மேடையிலயும் ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பாரு, கையில பச்சைக் கொடி சிவப்புக் கொடி, முன்னாடி இருக்குறவரு பாதையப் பாத்து கொடி காட்ட அடுத்தவரு அதப் பாத்து காட்ட அப்படியே பின்னாடி டிரைவர் வரைக்கும் போகும். வண்டி வளைவுல திரும்பும்போது ஜன்னல் வழியா பாத்தீங்கன்னா வரிசையா கொடி நீட்டிக்கிட்டு நிக்குறது தெரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் அவங்க கையில தனி பிரேக் இருக்கு. வெயிலோ மழையோ அந்தச் சின்ன மேடையில நின்னுக்கிட்டேதான் வராங்க, இறங்கும்போது அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போங்க, அந்த வேலை அவ்ளோ லேசானது இல்ல.

காட்சி எப்படின்னா, மொத்தப் பாதையிலயும் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. இதுல பெரும்பாலான குகை இந்தக் கீழ்ப் பகுதியிலதான். ஒவ்வொரு குகைக்குள்ள போகும்போதும் மொத்த வண்டியும் ஓன்னு கத்தும், பெரியவங்களும் சேந்துதான். இடது பக்கம் ஜன்னல் கிடைச்சா ரொம்ப நல்லது, ஏறும்போது பள்ளத்தாக்கு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும், கீழ மேட்டுப்பாளையம் சமவெளி விரிஞ்சு கிடக்கும், மேகம் உங்களுக்குக் கீழ நிக்கும். வலது பக்கம் கிடைச்சவங்க மூஞ்சிய தூக்கி வெச்சுக்காதீங்க. அங்க பாறைச் சுவர் கைக்கெட்டுற தூரத்துல ஓடும், கவனிச்சுப் பாத்தா அந்தக் காலத்துல பாறைய வெட்டுன வடு அப்படியே இருக்கும், அதுல தண்ணி கசிஞ்சு பாசி படர்ந்து சின்னச் சின்ன பெரணிச் செடி முளைச்சு, மழைக்கு அடுத்த மாசம் போனீங்கன்னா இடுக்குல எல்லாம் ஏதோ ஒரு ஊதாப் பூ. ரோட்டுல கார்ல போறவங்களுக்கு இது சுத்தமா கிடைக்காது, ரோடு வேற வழி, அங்க ஹேர்பின் வளைவும் முன்னாடி போற லாரியும்தான் பாத்துக்கிட்டு போவீங்க. தவிர இந்த வண்டி போற வேகம் மணிக்கு பத்து கிலோமீட்டர் சுமாருக்குதான், 46 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், அதனாலதான் ஒரு இலையக்கூட நின்னு பாத்த மாதிரி பாக்க முடியுது. மெதுவா போகுதுன்னு ஒரு ஸ்டார் போடுறவங்கள எனக்குப் புரியவே இல்ல, மெதுவா போறதுக்குத்தானே காசு குடுக்குறோம்.

ஹில்குரோவ்ல ஒரு பத்து நிமிஷம் போல நிக்கும், என்ஜினுக்கு தண்ணி பிடிக்கணும். எல்லாரும் இறங்கி நடக்கலாம், டீ வடை கிடைக்கும். குரங்கு கூட்டம் கண்கொத்திப் பாம்பா காத்துக்கிட்டு இருக்கும், சிப்ஸ் பாக்கெட்ட கையில வெச்சுக்கிட்டு இறங்காதீங்க, சீட்டுல வெச்சுட்டும் இறங்காதீங்க, ஜன்னல் வழியா உள்ள வந்துடும். தயவுசெஞ்சு அதுங்களுக்கு எதையும் போடாதீங்க, காட்டுல அதுங்களுக்கு சாப்பாடு இருக்கு, நாம போடுற பிஸ்கட்டாலதான் அதுங்க தண்டவாளத்துக்கு வந்து உக்காந்துருக்கு. பிளாஸ்டிக் கவரையும் ஜன்னல் வழியா வீசாதீங்க, இது யானை நடக்குற காடு.

டீயக் குடிச்சுட்டு நேரா பின்னாடி என்ஜினைப் பாக்கப் போங்க. அங்கதான் எனக்கு இந்தப் பயணத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம். எக்ஸ் கிளாஸ்னு சொல்ற நீராவி என்ஜின், முதல்ல சுவிட்சர்லாந்துல விண்டர்தூர்லருந்து வந்தது, அப்புறம் நம்ம திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்லயே புதுசா செஞ்சு குடுத்துட்டாங்க. ஒரு ஆளு மேல ஏறி தண்ணிக் குழாயப் பிடிச்சுக்கிட்டு இருப்பாரு, இன்னொருத்தர் எண்ணெய்க் கேன எடுத்துட்டு ஒவ்வொரு மூட்டா ஊத்திக்கிட்டு வருவாரு, சூடு முகத்துல அடிக்கும், எண்ணெயும் நீராவியும் கலந்த ஒரு வாசம் வரும். இவ்ளோ கிட்டப் போயி ஓடுற நீராவி என்ஜினைப் பாக்குற வாய்ப்பு இப்ப எத்தனை இடத்துல இருக்கு சொல்லுங்க, அதுவும் கண்காட்சிக்கு வெச்சது இல்ல, தினம் வேலைக்குப் போற என்ஜின். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899ல திறந்தது, ஊட்டி வரைக்கும் 1908ல போச்சு, 2005ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல டார்ஜிலிங் ரயிலோட சேத்தாங்க. இத்தனை வருஷம் மழையிலயும் மண்சரிவுலயும் இத ஓட்டிக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சுப் பாத்தா பெருமையா இருக்கு.

குன்னூர் வந்ததும் நீராவி என்ஜின் கழண்டுடும், டீசல் மாட்டுவாங்க. ஸ்டேஷன்ல சூடா டீயும் வர்க்கியும் சாப்பிடலாம், நேரம் இருக்கும். கிளம்பும்போது வண்டி முதல்ல கொஞ்ச தூரம் பின்னாடி போயி அப்புறம்தான் ஊட்டிப் பாதையப் பிடிக்கும், பயந்துடாதீங்க, அந்த ஸ்டேஷன் அமைப்பே அப்படி. அதுக்கப்புறம் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். கேத்தி பள்ளத்தாக்கு அழகுதான், தேயிலை, கேரட் வயல், அடுக்கடுக்கா வீடு, லவ்டேல் ஸ்டேஷனும் சின்னதா பாக்க நல்லா இருக்கும். ஆனா பல்சக்கரம் இல்ல, நீராவி இல்ல, காடு குறைஞ்சு வீடு ஜாஸ்தி. காலைலருந்து உக்காந்து வந்ததுல அந்த நேரத்துக்கு இடுப்பும் பேச ஆரம்பிச்சுடும். அதனால நான் யாருக்கும் சொல்றது, நேரம் குறைவா இருந்தா குன்னூர்லயே இறங்கிடுங்க. சிம்ஸ் பார்க், டால்பின் நோஸ், லாம்ப்ஸ் ராக் எல்லாம் அங்கதான், மத்தியானத்துக்கு மேல பஸ்ஸுல ஊட்டி போய்க்கலாம். நீங்க எதையும் இழக்க மாட்டீங்க.

இப்ப வசதி. இத மறைக்காம சொல்லணும், ஏன்னா வீட்டுல வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க நிறைய. பெட்டியில டாய்லெட் கிடையாது, வழியில ஸ்டேஷன்ல நிக்கும்போதுதான். சர்க்கரை உள்ளவங்க, சின்னக் குழந்தை உள்ளவங்க இத முன்னாடியே யோசிச்சுக்கோங்க, கிளம்புறதுக்கு முன்ன மேட்டுப்பாளையத்துலயே போயிட்டு வந்துடுங்க, ஹில்குரோவ்ல இறங்குனதும் முதல் வேலையா அதப் பாருங்க. சீட்டு எதிரெதிர் பெஞ்சு, முட்டி இடிக்கும், கொஞ்சம் உயரமானவங்களுக்கு கஷ்டம்தான். எங்க அப்பாவுக்கு முட்டிவலி, அவரு ஓர சீட்டுல காலை நீட்டிக்க இடம் பாத்து உக்காந்துதான் சமாளிச்சாரு, ஆனா இறங்குனப்புறம் "மறுபடி எப்படா போலாம்"னு கேட்டதும் அவருதான். பெரிய பெட்டி சூட்கேஸ் எல்லாம் வைக்க இடமே இல்ல, ஒரு பேக்பேக்கோட போங்க. ஏறும்போது கீழ புழுக்கமா இருக்கும், மேல போகப் போக குளிரும், மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203 மீட்டர், அதனால ஸ்வெட்டர கைல எடுத்து வெச்சுக்கோங்க, பைக்கு அடியில போட்டுடாதீங்க. வெள்ளைச் சட்டை வேணாம், குகைக்குள்ள புகை உள்ள வரும்.

முதல் வகுப்பா ரெண்டாம் வகுப்பான்னா, முதல் வகுப்பு கட்டணம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுல கூட்டம் கம்மி, சீட்டு மெத்துன்னு இருக்கும், அதோட அந்தப் பெட்டி ஏறும்போது முன்னாடி வரும்ங்குறதால முன் வரிசை கிடைச்சா பாதையே உங்க கண்ணு முன்னாடி விரியும். அந்த முன் வரிசை கிடைக்கும்னா காசு தகும். மத்தபடி ரெண்டாம் வகுப்பே போதும், சொல்லப்போனா அங்கதான் கலகலப்பு, பாட்டு, பகிர்ந்து சாப்பிடுறது எல்லாம்.

டிக்கெட்தான் பெரிய பாடு. ஐஆர்சிடிசில 60 நாளுக்கு முன்னாடி காலைல 8 மணிக்குத் திறக்கும், சீட்டு ரொம்பக் கம்மி, லீவு நாள்னா அடிச்சுப் பிடிச்சு போட்டாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான் வரும். தேடும்போது கிளம்புற ஸ்டேஷன் மேட்டுப்பாளையம்னு இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க, சேருற இடம் உதகமண்டலம்னு போடணும். சனி ஞாயிறத விட்டுட்டு செவ்வாய் புதன் பாத்தா வாய்ப்பு கூடுதல். ஊட்டி வரைக்கும் இல்லைன்னா குன்னூர் வரைக்கும் தேடிப் பாருங்க, நான் மேல சொன்ன மாதிரி உங்களுக்கு வேண்டியது அதுதான். ரிசர்வ் பண்ணாத சீட்டு கொஞ்சம் இருக்கும், விடியறதுக்கு முன்னாடியே போய் வரிசையில நிக்கணும், குடும்பத்தோட போறவங்க அத நம்பி கிளம்பாதீங்க. சென்னைலருந்து வர்றவங்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் தோதா இருக்கும், நைட்டு ஏறுனா காலைல மேட்டுப்பாளையத்துல இறக்கி விட்டுடும், அதே ஸ்டேஷன்ல மலை ரயில் நிக்கும். கோயமுத்தூர்ல தங்குறவங்க விடியக்கால அலாரம் வெச்சு ஓடுறதவிட முந்தின நைட்டே மேட்டுப்பாளையத்துல தங்கிடுறது நிம்மதி.

எந்த மாசம்? ஏப்ரல் மே கூட்டம் தாங்காது, மலர் கண்காட்சி சமயத்துல ஊட்டியே திணறும். அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை இந்தச் சரிவுலதான் நேரா வந்து மோதும், பாதையில மண்ணு சரிஞ்சு பாறை விழுந்து ரயில நாள் கணக்கா நிறுத்தி வைப்பாங்க, அந்த மாசத்துல போறதா இருந்தா கிளம்புற அன்னைக்கு செய்தி பாத்துட்டு கிளம்புங்க, பஸ்ஸுக்கு ஒரு மாத்துத் திட்டம் கையில இருக்கட்டும். ரத்து பண்ணிட்டாங்கன்னு கோவப்படாதீங்க, அந்தச் சரிவுல மழை நேரத்துல வண்டி விடாம இருக்குறதுதான் சரி. என்னைக் கேட்டா ஜனவரி கடைசி, பிப்ரவரி ரொம்ப நல்லா இருக்கும், வானம் தெளிவு, கூட்டம் மட்டு, மலைல மழை ஈரம் இன்னும் மிச்சம் இருக்கும்.

யாரு போக வேணாம்? ஒரே நாள்ல ஊட்டிய பாத்துட்டு திரும்பணும்னு இருக்கறவங்க போக வேணாம், பஸ்ஸுல ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல மேல போயிடலாம். கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு தனியா போறவங்களுக்கும் இது சிரமம். அஞ்சு மணி நேரம் ஒரே இடத்துல உக்கார முடியாதவங்க குன்னூரோட நிறுத்திக்கலாம். ஜன்னல் வழியா வேடிக்கை பாக்குறதே போரடிக்கும்னு சொல்ற ஆளுங்கள கூட இழுத்துட்டுப் போகாதீங்க, அந்த சீட்டுக்கு எத்தனையோ பேரு வெயிட்டிங்ல இருக்காங்க. சொந்தக் கார்ல போறதா இருந்தா நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்துலருந்து அது கட்டாயம், ரயிலுக்கும் அரசு பஸ்ஸுக்கும் அந்தத் தொல்லை இல்ல.

திரும்பி வரும்போதும் ரயிலேதானான்னு கேப்பீங்க. மத்தியானம் 2 மணிக்கு ஊட்டிலருந்து கிளம்பும், மூணரை மணி நேரத்துல கீழ வந்துடும், ஏறுறதவிட வேகம். ஆனா இறங்கும்போது என்ஜினுக்கு அந்தத் திணறல் இல்ல, அதனால அந்தச் சத்தமும் இல்ல. கூடவே சாயங்காலம் மேகம் இறங்கிடுச்சுன்னா ஒண்ணும் தெரியாது. ஏறுறதுக்கு டிக்கெட் கிடைக்கவே இல்லைன்னா மட்டும் இறங்குறதுக்கு எடுங்க, அப்பவும் குன்னூர்–மேட்டுப்பாளையம் பகுதி அதுல வரும்ல, நீராவி என்ஜினும் அங்க மாட்டுவாங்க. ஏற்கனவே ரயில்ல ஏறி வந்தவங்க கோத்தகிரி வழியா பஸ்ஸுல இறங்குங்க, அந்த ரோடு குன்னூர் ரோட்ட விட நெரிசல் கம்மி, வழி நெடுக தேயிலைத் தோட்டம், கையில ஒரு அரை நாள் இருந்தா கோத்தகிரில இறங்கி கோடநாடு வியூ பாயிண்ட்டும் பாத்துட்டு வந்துடலாம்.